நிரல் மறைந்தும் நினைவு மறைவதில்லை

ஒரே கணிப்பொறியில் ஒரே நேரத்தில் பல நிரல்கள் ஓடுகின்றன. ஒன்றின் நினைவகத்தை மற்றொன்று தொடாதவாறு இயக்குதளம் வேலி போட்டிருக்கிறது. இரண்டு நிரல்கள் கூடி ஒரு வேலையைச் செய்ய வேண்டுமானால்? அதற்கென 1983-இல் வெளிவந்த யூனிக்ஸ் சிஸ்டம் ஃபைவ் மூன்று வசதிகளைத் தந்தது. அவை பகிர்வு நினைவகம், செய்தி வரிசை, செமஃபோர் என்பன. இன்றைய லினக்சிலும் இவை உண்டு.

பகிர்வு நினைவகத்தை வகுப்பறைக் கரும்பலகைக்கு ஒப்பிடலாம். ஒருவர் எழுதுவதை அனைவரும் படிக்கலாம். இருவர் ஒருசேர எழுதிக் குழப்பாமல் முறை வகுப்பது செமஃபோரின் பணி. ஆசிரியர் போன பின்னும் எழுத்து பலகையில் நிற்பதல்லவா? அதுபோல, உருவாக்கிய நிரல் முடிந்தாலும் இவை தாமாக அழிவதில்லை. யாரேனும் நீக்கும்வரை, அல்லது கணிப்பொறியை நிறுத்தும்வரை, இடத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

இதனால் விளையும் வேடிக்கை ஒன்று. 2015-க்கு முந்தைய லினக்சில், மாற்றாமல் விட்டால், செமஃபோர்த் தொகுதிகளுக்கு 128 என்பதே வரம்பு. ஒரு நிரல் பலமுறை இடையில் முறிந்து, ஒவ்வொரு முறையும் ஒரு தொகுதியை விட்டுச் சென்றால் வரம்பு நிரம்பிவிடும். அப்போது வரும் செய்தி, 'சாதனத்தில் இடமில்லை' என்பது! வட்டைத் திறந்து பார்த்தாலோ இடம் தாராளமாக இருக்கும். (கணிப்பொறி பொய் சொல்லவில்லை, அதனிடம் வேறு சொல் இல்லை.)

எஞ்சி நிற்பவற்றைக் காண 'ஐ.பி.சி.எஸ்.' என்னும் கட்டளை உதவும். அதனுடன் '-எம்' சேர்த்தால் பகிர்வு நினைவகம் மட்டும் பட்டியலாகும்: அடையாள எண், உரிமையாளர், அளவு, இப்போது எத்தனை நிரல்கள் இணைந்துள்ளன என்ற எண்ணிக்கை. இந்தக் கடைசி எண்ணிக்கையே முக்கியம். அது பூஜ்யமாக இருந்தாலும் உடனே முடிவு கட்டலாகாது. விலகிய நிரல் மீண்டும் வரக்கூடும். '-பி' சேர்த்தால் உருவாக்கிய நிரலின் எண்ணும், கடைசியாகத் தொட்ட நிரலின் எண்ணும் தெரியும். இரண்டும் உயிரோடில்லை என்று 'பி.எஸ்.' கட்டளையால் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அளவும் நம்பத்தக்க சான்றன்று. போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளம் 100 பைட்டுக்கும் குறைவான ஒரு துண்டை வைத்திருக்கிறது. ஒரே கோப்புகளை இரு சேவையகங்கள் ஒருங்கே திறந்து பாழாக்காமல் காப்பது அத்துண்டுதான்!

நீக்குவதற்கு 'ஐ.பி.சி.ஆர்.எம். -எம்' என்று எழுதி, அடையாள எண்ணைத் தர வேண்டும். இணைந்துள்ள நிரல்கள் இருந்தால் பகிர்வு நினைவகம் உடனே அழியாது. கடைசி நிரல் விலகும்வரை காத்திருக்கும். செய்தி வரிசைக்கும் செமஃபோருக்கும் இந்தத் தயவு இல்லை. அவை அந்தக் கணமே அழியும்; காத்திருந்த நிரல்கள் பிழையோடு திரும்பும். எனவே அவற்றைப் பயன்படுத்தும் நிரலை முதலில் நிறுத்திவிட்டே நீக்க வேண்டும்.