தடிப்பும் காய்ச்சலும் – 7: காவசாகி கண்ட சிறுவன்

1961 ஜனவரி. டோக்கியோவில் ஹிரோ பகுதியிலிருந்த செஞ்சிலுவை மருத்துவமனைக்கு நாலே கால் வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். காய்ச்சல் விட்டபாடில்லை. உடம்பெல்லாம் செந்தடிப்பு. கண் இரண்டும் சிவந்திருந்தன, ஆனால் பூளை இல்லை. உதடு வெடித்து ரத்தம் கசிந்தது, நாக்கு செக்கச்செவேல் என்று சொரசொரத்தது. கழுத்தில் நெறி கட்டியிருந்தது. உள்ளங்கையும் உள்ளங்காலும் வீங்கியிருந்தன.

செங்காய்ச்சலாக இருக்கலாம் என்று பெனிசிலின் கொடுத்துப் பார்த்தார்கள், கேட்கவில்லை. பிறகு பையன் தானாகவே தேறி வீடு திரும்பினான். என்ன நோய் என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

அவனைப் பார்த்த மருத்துவர் டொமிசாகு காவசாகி. மறு ஆண்டே அதே அடையாளங்களோடு இன்னொரு குழந்தை வந்தபோது அவருக்குச் சட்டென்று பொறிதட்டியது. இது புத்தகத்தில் இல்லாத நோய் என்று மூத்தவர்கள் ஏற்கவில்லை. அவர் வாதாடிக்கொண்டிருக்காமல் குழந்தைகளைக் கவனித்துக் குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தார். 1967இல் 50 குழந்தைகளைப் பற்றிய விரிவான கட்டுரை ஜப்பானிய மொழியில் வெளிவந்தது.

இந்த நோய் சுவடில்லாமல் போய்விடும் என்றுதான் காவசாகியும் அப்போது நம்பினார். 1970இல் ஜப்பான் முழுக்க நடந்த கணக்கெடுப்பு அந்த நம்பிக்கையை உடைத்தது. தேறிவருவதாகத் தோன்றிய குழந்தைகளில் 10 பேர் திடீரென இறந்திருந்தார்கள். பிணக்கூறாய்வில், இதயத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் குழாய்கள் பழைய சைக்கிள் டியூப் போல அங்கங்கே புடைத்து, உள்ளே ரத்தம் உறைந்திருந்தது தெரிந்தது. தோலில் தெரிந்தது வெளித்தோற்றம் மட்டுமே. தீ எரிந்தது ரத்தக்குழாயின் சுவரில்.

நம் வீடுகளில் காய்ச்சலோடு உடம்பு சிவந்தால் ‘அம்மை போட்டிருக்கு’ என்று வேப்பிலை வைத்துக் காத்திருப்பது வழக்கம். பெரும்பாலான தடிப்புகள் தானாக அடங்குவதும் உண்மைதான். கைக்குழந்தைக்கு மூன்று நாள் கடுமையாக அடித்த காய்ச்சல் இறங்கிய பிறகு மார்பிலும் முதுகிலும் சின்னச் சின்னச் செம்புள்ளி தோன்றினால், அது அநேகமாக ரோசியோலா. ஒன்றிரண்டு நாளில் மறைந்துவிடும். வாயிலும் உள்ளங்கையிலும் பாதத்திலும் கொப்புளம் போடும் கை, கால், வாய் நோயும் ஒரு வாரம், பத்து நாளில் போய்விடும்.

தடிப்பு இருக்கும்போதே காய்ச்சல் ஐந்தாம் நாளைத் தொட்டால் கதை வேறு. அதற்குமேல் காத்திருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் மழைக்காலத்திலும் அதையொட்டிய குளிர்மாதங்களிலும் உண்ணிக் காய்ச்சல் என்கிற ஸ்க்ரப் டைபஸையும் நினைவில் வைக்க வேண்டும். அக்குளிலோ தொடை இடுக்கிலோ கருத்த பொருக்கு ஒன்று இருக்கிறதா என்று குழந்தையின் துணியைக் களைந்து பார்த்தால்தான் தெரியும்.

காவசாகி நோயில் பெரிய சிக்கல், அடையாளங்கள் ஒரே நாளில் சேர்ந்து வருவதில்லை. திங்கட்கிழமை வந்த தடிப்பு புதனன்று மறைந்திருக்கும். அன்றுதான் கண் சிவக்கும். ‘மெட்ராஸ் ஐ’ என்று சொட்டு மருந்தோடு அனுப்பிவிட வாய்ப்புண்டு. ஆகவே தாய் தன் கைபேசியில் எடுத்து வைக்கும் படங்கள் மருத்துவருக்குப் பெரிய உதவி. இன்னொரு தடயம் இந்தியக் குழந்தையின் இடது தோளிலேயே இருக்கிறது. பிறந்ததும் போட்ட பி.சி.ஜி. ஊசியின் தழும்பு, ஆறிப்போன இடம், இந்த நோயில் மறுபடி சிவந்து தடிக்கும். எல்லாக் குழந்தைக்கும் இப்படி ஆகாது. ஆனால் அப்படி ஆகியிருந்தால், அதை அலட்சியப்படுத்தக் கூடாது. விரல் நுனியில் தோல் உரிவது பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில்தான். அதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள் என்றால், பொன்னான நாட்கள் போய்விட்டன என்று பொருள்.

ஏனென்றால் மருந்து இருக்கிறது. ரத்ததானம் செய்தோரின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுக்கும் இம்யூனோகுளோபுலினை நரம்பு வழியே ஏற்றினால் ரத்தக்குழாய்கள் காக்கப்படும் என்று 1984இல் ஃபுருஷோ குழுவினர் காட்டினார்கள். சிகிச்சை இல்லாவிட்டால் ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தைக்கு இதயக் குழாய் புடைக்கிறது. காய்ச்சல் தொடங்கிய 10 நாளுக்குள் மருந்து ஏறினால் அது 5 சதவீதம் அளவுக்குக் குறைகிறது. எடைக்கு ஏற்ற அளவு: கிலோவுக்கு 2 கிராம். விலை அதிகம் என்பதால் குடும்பங்கள் தயங்குகின்றன. அந்தத் தயக்கத்திலேயே நாட்கள் கரைகின்றன என்பதுதான் வேதனை.

வீட்டுக்கு அனுப்பிய பிறகும் ஆறு முதல் எட்டு வாரத்தில் இதயத்தை எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும். இந்த மருந்து ஏற்றிய குழந்தைக்குத் தட்டம்மை – ரூபெல்லா தடுப்பூசியைப் பொதுவாக 11 மாதம் தள்ளிப்போடுவார்கள். மருத்துவமனைச் சீட்டைத் தடுப்பூசி அட்டையோடு சேர்த்தே வைத்திருப்பது நல்லது.

நோய்க்கான காரணம் இன்றுவரை பிடிபடவில்லை. காவசாகி 2020 ஜூனில் தம் 95ஆம் வயதில் காலமானார். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் லண்டனிலும் நியூயார்க்கிலும் கொரோனா தொற்றுக்குப் பின் குழந்தைகள் காய்ச்சல், தடிப்பு, சிவந்த கண்ணோடு வரத் தொடங்கியிருந்தார்கள். முதலில் பார்த்தவர்கள் காவசாகி நோய் என்றே நினைத்தார்கள். அது வேறொன்று.

(தொடரும்)