தரை அணிலும் ஈயமற்ற குண்டும்

பயிருக்குப் பகையான பிராணிகள் தேசத்துக்குத் தேசம் வேறுபடும். அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள கலிபோர்னியா மாகாணத்தில் அவற்றுள் முக்கியமானது தரை அணில். இது மரத்தில் வாழாமல் நிலத்தில் வளை தோண்டிக் கூட்டமாக வசிப்பது. இதைச் சிறு துப்பாக்கியால் சுட்டுக் கொல்லும் வழக்கம் அங்குள்ள குடியானவர்களிடம் நெடுநாளாக உண்டு. அணிலைக் கொன்ற குண்டு அத்துடன் நின்றுவிடாமல், குடியானவனுக்குக் கூலியின்றி உழைக்கும் பறவைகளையும் கொல்லுகிறதென்பது பின்னரே தெரியவந்தது. அக்கேட்டை நீக்க வந்ததே ஈயமற்ற குண்டு. அதன் குணமும் அதைக் கையாளும் முறையும் ஈண்டுக் கூறப்படும்.

தரை அணிலின் சேதம்

இளவேனிற்காலத்தில் இப்பிராணி பச்சைப் புல்லையும் குதிரைமசாலையும் தின்னும். புல் காய்ந்தபின் தானியம், வாதுமை, அக்ரோட்டு முதலிய விதைகளை நாடும். இளமரங்களின் பட்டையைக் கடித்து அவற்றைப் பட்டுப்போகச் செய்யும். தின்பதைக் காட்டிலும் தோண்டுவதால் நேரும் நஷ்டம் சில இடங்களில் அதிகம். வாய்க்கால் கரையிலும் ஏரிக்கரையிலும் இட்ட வளை வழியே நீர் கசிந்து கரை உடைவதுண்டு. மேய்ச்சல் நிலத்தில் மாடுகளின் கால் வளையில் இறங்கி முறிவதும் உண்டு. இதன் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சி கொள்ளைநோயைப் பரப்பக் கூடியது. பெட்டை பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறையே குட்டி போடும். ஆதலால் குட்டி போடுவதற்கு முன் ஒரு பெட்டையைக் கொல்லுவது, பின்னர்ப் பலவற்றைக் கொல்லுவதற்குச் சமானமாகும்.

ஈயத்தால் விளையும் கேடு

சிறு பிராணிகளைச் சுடுவதற்கென்று செய்யப்படும் குண்டு, மெல்லிய தாமிர உறைக்குள் மிருதுவான ஈயத்தை அடைத்தது. அது விநாடிக்கு 3,000 அடிக்கு மேற்பட்ட வேகத்தில் சென்று, பட்டவுடனே பொடிப்பொடியாகச் சிதறும்படி அமைக்கப்பட்டது. சிதறுவதால் பிராணி உடனே மடிகிறது. குண்டு தரையில் பட்டுத் தெறித்துத் தூரம் சென்று மனிதரையோ மாட்டையோ தாக்கும் அபாயமும் குறைகிறது. இவை நல்ல குணங்களே. ஆனால் சிதறிய ஈயத்துணுக்குகள் செத்த உடலில் தங்கிவிடுகின்றன. வயலில் கிடக்கும் அவ்வுடலைப் பருந்தும், ராஜாளியும், கழுகும் தின்கின்றன.

அமெரிக்காவின் வயோமிங் மாகாணத்தில், தரை அணிலின் இனத்தைச் சேர்ந்த பிரெயிரி நாய் என்னும் பிராணியைப் பற்றி ஓர் ஆராய்ச்சி நடந்து 2007ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சிதறும் குண்டினால் சுடப்பட்ட உடல்களில் 100க்கு 87இல் உலோகத் துணுக்குகள் காணப்பட்டன. சிதறாத குண்டினால் சுடப்பட்டவற்றில் 100க்கு 7இல் மாத்திரமே காணப்பட்டன. துணுக்குகளிற் பெரும்பாலானவை மிகச் சிறியவை. பறவை அவற்றை இறைச்சியினின்றும் பிரித்து ஒதுக்க இயலாது.

பறவையின் இரைப்பையிலுள்ள கடும் புளிப்பு நீர் ஈயத்தைக் கரைக்கிறது. கரைந்த ஈயம் இரத்தத்தில் கலந்து நரம்புகளைத் தாக்குகிறது. புது இரத்தம் ஊறுவதையும் தடுக்கிறது. பறவைக்கு இறக்கை தொங்கும். தின்ற இரை கீழே இறங்காமல் தங்கும். இரை எதிரே இருந்தும் அது பட்டினியால் இளைத்துச் சாகும். இவ்வாறு சாகும் பருந்தும் ராஜாளியும் உயிரோடிருந்தால் நாள்தோறும் அணிலையும் எலியையும் பிடிக்கக் கூடியவை. ஆகவே பயிரைக் காக்கச் சுட்டவனே பயிரின் காவலாளியையும் விஷமிட்டுக் கொன்றவனாகிறான்.

காண்டர் என்னும் பெருங்கழுகின் கதி இதற்குச் சிறந்த அத்தாட்சி. இறக்கை விரித்தால் ஒன்பது அடி அளவுள்ள இப்பறவை 1982இல் உலகமனைத்திலும் 22 மாத்திரமே எஞ்சியிருந்தது. காட்டில் எஞ்சியவை யாவும் 1987க்குள் பிடிக்கப்பட்டு, கூண்டில் வளர்த்துப் பெருக்கப்பட்டன. 1992 முதல் அவை மீண்டும் வெளியில் விடப்பட்டு வருகின்றன. வெளியில் விடப்பட்டவற்றின் மரணத்துக்கு முதற்காரணம் ஈய விஷமே என்று கண்டறியப்பட்டது.

சட்டம்

காண்டர் திரியும் பிரதேசங்களில் பெரிய மிருகங்களை ஈயக் குண்டால் வேட்டையாடுவது 2008 ஜூலை முதல் தடுக்கப்பட்டது. பின்னர் 2013இல் விரிவான சட்டம் இயற்றப்பட்டு, படிப்படியாக அமுலாகி, 2019 ஜூலை 1ஆந் தேதி முதல் கலிபோர்னியா முழுவதற்கும் பூர்த்தியாக அமுலுக்கு வந்தது. எந்தக் காட்டுப் பிராணியைத் துப்பாக்கியால் கொல்லவும் ஈயமற்ற குண்டையே உபயோகிக்க வேண்டுமென்பது அதன் சாரம். பயிரை அழிக்கும் தரை அணிலைத் தன் நிலத்தில் சுடும் குடியானவனும் இதற்கு உட்பட்டவனே. அண்டை மாகாணமாகிய அரிஸோனாவில் வேறு வழி கையாளப்பட்டது. அங்கே 2005 முதல் காண்டர் வாழும் பகுதியின் மான் வேட்டைக்காரர்களுக்கு ஈயமற்ற தோட்டாக்கள் இனாமாக அளிக்கப்பட்டன. கட்டாயமின்றியே பெரும்பாலோர் அவற்றை ஏற்றனர்.

தாமிரக் குண்டின் தன்மை

ஈயத்துக்குப் பதிலாக இருவகைக் குண்டுகள் வழக்கத்தில் உள்ளன. முதலாவது, முழுதும் தாமிரத்தால் அல்லது தாமிரக் கலப்பால் கடைந்து, முனையில் குழி வைத்தது. இரண்டாவது, தாமிர உறைக்குள் தாமிரமும் வெள்ளீயமும் கலந்த பொடியை இறுக்கி அடைத்தது. இரண்டாம் வகை பட்டவுடன் மீண்டும் பொடியாகிவிடுவதால் சிறு பிராணிகளுக்கு ஏற்றது. முதல் வகையிற் கடினமானவை சிதறாமல் தெறிக்கக் கூடுமாதலால், பின்புறம் மண்மேடு உள்ள திக்கிலேயே சுடுதல் வேண்டும்.

ஈயத்தின் இடத்தில் தாமிரத்தை வைத்தால் எல்லாம் முன்போலவே நடக்குமென்று எண்ணுதல் தவறு. ஈயம் நீரினும் 11.3 மடங்கு கனமானது. தாமிரம் ஏறக்குறைய 9 மடங்கே. 100 பலம் ஈயம் கொள்ளும் அச்சில் தாமிரத்தை வார்த்தால் 79 பலமே நிற்கும். ஆகையால் அதே நீளமுள்ள தாமிரக் குண்டு எடையில் குறையும். அதே எடை வேண்டுமாயின் நீளம் கூடும். எடை குறைந்த குண்டு வேகமாகப் புறப்பட்டாலும் விரைவில் வேகம் இழக்கும். பக்கக்காற்றில் அதிகமாக விலகும். பாயிண்டு 22 என்னும் சிறு துப்பாக்கிக்கு வழக்கமான ஈயக் குண்டு 40 கிரெயின் எடையுள்ளது. அதற்கென விற்கப்படும் தாமிரக் குண்டுகளில் ஒன்று 21 கிரெயினே. இதைக் கொண்டு அருகிலுள்ள அணிலைச் சுடலாம். தூரத்திலுள்ளதைச் சுட்டுக் காயப்படுத்தி விடுவது தகாது.

குழலின் புரியும் குண்டின் நீளமும்

துப்பாக்கிக் குழலின் உட்புறம் திருகாணியைப் போலப் புரி வெட்டப்பட்டிருக்கும். அப்புரியே குண்டைப் பம்பரம்போலச் சுழற்றி நேராகச் செலுத்துகிறது. குண்டு நீண்டால் அதிகச் சுழற்சி வேண்டும். இதற்கு 1879இல் கிரீன்ஹில் என்னும் ஆங்கிலக் கணித நிபுணர் ஒரு விதி வகுத்தார். குண்டின் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, 150ஆல் பெருக்கி, புரி ஒரு சுற்றுச் சுற்றும் அங்குலத்தால் வகுத்தால், குண்டின் தகுந்த நீளம் அங்குலத்தில் கிடைக்கும்.

விட்டம் 0.224 அங்குலமுள்ள குண்டுக்கு இவ்விதிப்படி வரும் நீளம் பின்வருமாறு:

14 அங்குலத்துக்கு ஒரு சுற்று — 0.54 அங்குலம்
12 அங்குலத்துக்கு ஒரு சுற்று — 0.63 அங்குலம்
9 அங்குலத்துக்கு ஒரு சுற்று — 0.84 அங்குலம்

இது ஈயம் அடைத்த குண்டின் கணக்கு. தாமிரம் இலேசானதாகையால் பத்தில் ஒரு பங்கு குறைத்துக் கொள்ளவேண்டும். வேகம் மிகுந்த துப்பாக்கியில் இதனினும் சற்று நீண்ட குண்டு நேரே செல்லக்கூடும். ஆயினும் தொடக்கத்துக்கு இக்கணக்கு போதுமானது. பழைய துப்பாக்கிகள் பல 14 அல்லது 12 அங்குலப் புரியுள்ளவை. அவற்றில் நீண்ட தாமிரக் குண்டு தள்ளாடிச் செல்லும். இக்காரணத்தாலேயே 35, 36 கிரெயின் எடையுள்ள குட்டையான குண்டுகள் இவ்விட்டத்துக்குச் செய்யப்படுகின்றன. காகிதத்தில் சுட்டுப் பார்க்கையில் துவாரம் வட்டமாயின் குண்டு பொருந்தியது. சாவித்துவாரம்போல் நீண்டிருப்பின் பொருந்தவில்லை என்று அறிக.

தோட்டாவைத் தானே நிரப்புதல்

உறை, கேப்பு, மருந்து, குண்டு ஆகிய நான்கும் சேர்ந்தது தோட்டா. இவற்றில் விலையுயர்ந்தது பித்தளை உறை. சுட்டபின் எஞ்சுவதும் அதுவே. நடுவில் கேப்பு உள்ள உறையை மீண்டும் அளவுக்குக் கொணர்ந்து, புதுக்கேப்பும் மருந்தும் குண்டும் இட்டு வீட்டிலேயே நிரப்பும் வழக்கம் அங்கே சாதாரணம். ஈயமற்ற குண்டின் விலை அதிகமாகையால் இவ்வழக்கம் செலவைக் குறைப்பதோடு, தன் குழலுக்கேற்ற குண்டைத் தெரிந்துகொள்ளவும் உதவுகிறது. பாயிண்டு 22 தோட்டாவில் வெடிப்பொருள் உறையின் விளிம்பிலேயே இருப்பதால், அதை இவ்வாறு மீண்டும் நிரப்புவதில்லை.

இவ்வேலையில் அலட்சியம் உயிருக்கே அபாயம். ஈயக் குண்டுக்குக் குறித்த மருந்தளவைத் தாமிரக் குண்டுக்கு இடலாகாது. நீண்ட தாமிரக் குண்டு உறையினுள் அதிக இடத்தைப் பிடித்துக்கொள்வதாலும், கடினமானதாகையால் புரியில் எளிதில் நுழையாததாலும் அழுத்தம் ஏறிக் குழல் வெடிக்கக்கூடும். குண்டு செய்தவர் அக்குண்டுக்கென்றே வெளியிட்ட அட்டவணையில் கண்ட மிகக் குறைந்த அளவில் தொடங்கி, ஒவ்வொரு படியாகச் சோதிக்க வேண்டும். குண்டு புரியைத் தொடாமல் சிறிது இடைவெளி இருக்கும்படி பொருத்துதல் நலம். தாமிரம் குழலில் படியுமாகையால் அதை அடிக்கடி துடைத்தல் அவசியம்.

சுடுதல் மட்டும் போதுமா?

போதாது. அணில்கள் சிலவேயாயின் சுடுவது உதவும். பெருகிவிட்ட இடத்தில் அதற்குச் செல்லும் காலம் மிகுதி. தப்பியவை எச்சரிக்கையடைந்து வளையை விட்டு எளிதில் வெளிவரமாட்டா. மண் ஈரமாயுள்ள இளவேனிலில் வளையில் விஷப்புகை ஏற்றுவதும், விதை தின்னும் கோடையில் நச்சுத்தீனி வைப்பதும், பொறியிடுவதும் அங்கே கைக்கொள்ளப்படும் பிற முறைகள். இவற்றுக்கும் தனித்தனிச் சட்டங்கள் உண்டு.

கவனிக்க வேண்டியவை

1. குண்டை வாங்குமுன் குழலின் புரி எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று அறிக.
2. புதுக்குண்டைக் காகிதத்தில் சோதித்து, எத்தனை கஜம் வரை குறி தவறவில்லையோ அத்தனை கஜத்துக்குள் மாத்திரமே பிராணியைச் சுடுக.
3. அட்டவணையில் இல்லாத மருந்தளவை எக்காரணத்தாலும் இடாதிருக்க.
4. மருந்து நிரப்பும் மேஜையில் ஒரே வகை மருந்து மாத்திரம் இருக்கட்டும். நெருப்பும் சுருட்டும் அணுகலாகாது.
5. வெடிப்புக் கண்ட உறையை எறிந்துவிடுக.
6. செத்த அணிலை வெறுங்கையால் தொடாதிருக்க. அதன் தெள்ளுப்பூச்சி மனிதரைப் பற்றும்.

பயிர்ப்பகையை ஒழிப்பதில் குடியானவனுக்குத் துணையாகப் பறவைகள் பல உண்டு. அவை கூலி கேட்பதில்லை, விடுமுறை எடுப்பதுமில்லை. குண்டின் விலையில் சில காசு அதிகமாயினும், அத்துணையை இழவாமல் இருப்பது இலாபமே என்று உணர்தல் தகும்.