ஏரிக்கரையில் கூடாரம்: இடம் பார்ப்பது எப்படி?

சிவாஜிநகர் சந்துகளில் குடியிருக்கும் நம் குடும்பங்களுக்கு முன்பெல்லாம் விடுமுறை என்றால் யோசனையே கிடையாது. கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் ரயிலேறி ஆம்பூர், வேலூர், திருப்பத்தூர் என்று அவரவர் பாட்டி வீட்டுக்குப் போய்விடுவோம். இப்போது பல பேருக்கு ஊரில் பாட்டியும் இல்லை, வீடும் இல்லை. பிள்ளைகளோ காடு, ஏரி, கூடாரம் என்று கேட்கிறார்கள். சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு தம்பி, "சார், நீங்க ரயில்வேயில எல்லா ஊரும் சுத்தினவர். பத்துப் பன்னிரண்டு பேர் போய்த் தங்குற மாதிரி நல்ல இடமாச் சொல்லுங்க" என்றார். வெறும் ஊர்ப் பெயர்களைச் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். பெங்களூரிலிருந்து ஓரிரவுப் பயணத்துக்குள் காட்டோடு சேர்ந்து நாம் காணும் 'ஏரி'களில் பெரும்பாலானவை ஏரிகளே அல்ல. கபினி, பத்ரா, மஞ்சனபெலே எல்லாம் அணைக்கட்டுகளின் நீர்த்தேக்கங்கள். ஊர் ஏரிக்கு ஒரு கரை உண்டு, கலங்கல் உண்டு, கரைக்கு வெளியே நின்றால் கால் நனையாது. நீர்த்தேக்கத்தின் மேற்பக்கத்தில் அப்படி நிலையான கரை கிடையாது. மாதத்துக்கு மாதம் கரை நகரும். கிருஷ்ணராஜசாகர் 124.80 அடி, மேட்டூர் 120 அடி என்று நம் வீடுகளில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். செய்தித்தாளில் அந்த எண் ஏறினால் மகிழ்கிறோம், இறங்கினால் கவலைப்படுகிறோம். அந்த எண் ஓரடி ஏறும்போது அணையின் பின்பக்கத்தில் எவ்வளவு நிலம் மூழ்குகிறது என்று நினைத்துப் பார்ப்பதில்லை.

நானும் நினைக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் மே மாதக் கடைசியில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து மைசூர்ப் பக்கம் ஒரு நீர்த்தேக்கத்தின் ஓரம் தனியார் முகாம் ஒன்றுக்குப் போனோம். பெயர் வேண்டாம். பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் புல்வெளி, அதன் விளிம்பில் தண்ணீர், தண்ணீரிலிருந்து நூறடி தள்ளி வரிசையாகக் கூடாரங்கள். மாலையில் பெண்மணிகள் மகிழ்ந்து போனார்கள். நான் மட்டும் ஒன்றைக் கவனித்தேன். எங்கள் கூடாரத்துக்குப் பின்னால், மேட்டில், என் இடுப்பளவு உயரத்தில் புதர்களில் காய்ந்த சுள்ளியும் பிளாஸ்டிக் பையும் ஒரே வரிசையாகச் சிக்கியிருந்தன. முப்பத்தைந்து ஆண்டுகள் பாலமும் தண்டவாளமும் பார்த்தவனுக்கு அது என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. முகாம்காரரிடம் கேட்டேன். "ஏனூ ஆகல்ல சார், இன்னும் மழையே தொடங்கலையே" என்று சிரித்தார். எல்லோருடைய சந்தோஷத்தையும் கெடுப்பானேன் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

விடியற்காலை மூன்றரை மணிக்குப் பேத்தி, "தாத்தா, பாய் ஈரமா இருக்கு" என்று எழுப்பினாள். எங்கள் பக்கம் ஒரு தூறல் இல்லை. மேலே மலைப் பக்கம் பெய்த கோடை மழை இரவோடு இரவாக வந்து சேர்ந்திருந்தது. இருட்டில் பிள்ளைகளை எண்ணி எண்ணி மேட்டுக்கு ஏற்றினோம். ஒருவருக்கும் ஒன்றுமில்லை. காலையில் பார்த்தால் பிள்ளைகளின் செருப்புகள் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன. முகாம்காரரை எல்லோரும் திட்டினார்கள். நான் திட்டவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது, சொல்லவில்லை.

கணக்கு மிக எளியது. ரயில் பாதையில் நூறடிக்கு ஓரடி ஏற்றம் என்றால் எஞ்சினுக்கு அது கடினமான ஏற்றம். ஆனால் நடக்கிறவன் கண்ணுக்கு அது சமதரை. அந்தப் புல்வெளியும் ஏறக்குறைய அதே சரிவுதான். அப்படிப்பட்ட நிலத்தில் நீர்மட்டம் ஓரடி ஏறினால் தண்ணீர் நூறடி உள்ளே வரும். ஆகவே "தண்ணீரிலிருந்து எவ்வளவு தூரம்?" என்று கேட்பதில் பயனில்லை. "தண்ணீரைவிட எவ்வளவு உயரம்?" என்றுதான் கேட்க வேண்டும்.

ரயில்வேயில் பாலத்தூண்களில் அபாய மட்டத்தைச் சிவப்புப் பட்டையாகத் தீட்டியிருப்பார்கள். இதுவரை வந்த உச்ச வெள்ளத்தின் மட்டத்தையும் ஆண்டோடு குறித்து வைப்பார்கள். மழைக்காலத்தில் இரவு ரோந்துக்காரர் லாந்தரோடு போய்ப் பார்ப்பார். 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் போய், தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டதும், ரயில்வே அமைச்சராயிருந்த லால்பகதூர் சாஸ்திரி பதவி விலகியதும் நம் பெரியவர்கள் பலருக்கு நினைவிருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் எங்கள் மூத்தவர்கள் அந்தக் கதையைச் சொல்லித்தான் வெள்ளக்குறியைக் காட்டினார்கள்.

ஏரிக்கரையில் யாரும் பட்டை தீட்டி வைக்கமாட்டார்கள். ஆனால் குறி இருக்கும். பாறைகளில் ஒரு மட்டத்துக்குக் கீழே வெளுத்தும் மேலே கறுத்தும் இருக்கும். அந்தப் பிரிகோடுதான் தண்ணீர்க் கோடு. புதர்களில் சிக்கிய சுள்ளி, வைக்கோல், குப்பை இன்னொரு குறி. எல்லாவற்றையும்விட நம்பகமானது மரம். நீர்த்தேக்கம் நிறையும்போது மூழ்குகிற நிலத்தில் புல் முளைக்கும், மரம் பிழைக்காது. கபினியின் பின்நீரில் பட்ட மரங்கள் வெள்ளை வெளேரென்று நிற்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அணை கட்டியபோது மூழ்கிய காட்டின் மிச்சம் அவை. உயிருள்ள முதிர்ந்த மரங்கள் எங்கே தொடங்குகின்றனவோ அதற்கும் மேலேதான் நம் இடம். அதற்காக மரத்தடியிலேயே படுக்கக் கூடாது. காய்ந்த கிளை விழும், தேன்கூடும் இருக்கலாம். ஒரு மர உயரத்துக்குத் தள்ளியிருப்பது நல்லது.

கண்ணை நம்பாதவர்களுக்கு ஒரு கருவி சொல்கிறேன். ஹார்டுவேர் கடையில் கொத்தனார்கள் மட்டம் பார்க்க வாங்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் பத்து மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைப் புதரில் உள்ள குப்பை வரிசையருகே ஒருவர் பிடிக்க, மறுமுனையைக் கூடாரம் அடிக்கும் இடத்தில் இன்னொருவர் பிடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டம் உங்கள் தரைக்கு மேலே இருந்தால் மூட்டையைக் கட்டுங்கள். தூரம் அதிகமென்றால் பத்துப் பத்து மீட்டராகத் தாண்டிப் போகலாம். பிள்ளைகளுக்கு இது நல்ல விளையாட்டு. அங்கே மாடு மேய்ப்பவர் யாராவது இருந்தால் "நீரு எல்லி தனக பருத்தெ?" என்று கேளுங்கள். கையை நீட்டிக் காட்டுவார். அதுவே போதும்.

ஆற்றங்கரை என்றால் இன்னும் கவனம் வேண்டும். பீமேஸ்வரி, முத்தத்தி, மேகதாது எல்லாம் காவிரியில் அணைகளுக்குக் கீழே உள்ளவை. மேலே மதகைத் திறந்தால் இங்கே வெயிலடிக்கும்போதே ஆறு ஏறும். ஒகேனக்கல்லில் 'குளிக்கத் தடை, பரிசல் தடை' என்று செய்தி வருகிறதே, அந்தத் தண்ணீர் அதற்கு முன் இந்த இடங்களைத் தாண்டித்தான் போகிறது. முத்தத்தியிலும் மஞ்சனபெலேயிலும் குளிக்கப் போய் எத்தனையோ இளைஞர்கள் திரும்பவில்லை. சுழலும் சேறும் மேலே தெரியாது. காவிரியிலும் கபினியிலும் முதலையும் உண்டு. பிள்ளைகள் வாளியில் குளித்தால் குறைந்துவிடமாட்டார்கள்.

அடுத்தது யானை. மேலே சொன்ன அதே புல்வெளிதான் இங்கும் வில்லங்கம். கோடையில் தண்ணீர் இறங்க இறங்க ஈர மண்ணில் இளம்புல் முளைக்கிறது. காட்டுக்குள் எல்லாம் காய்ந்திருக்கும்போது யானைக் கூட்டங்கள் அதைத் தேடித்தான் வருகின்றன. மார்ச் முதல் மே வரை கபினிக் கரையில் நூற்றுக்கணக்கில் கூடுவது இதனால்தான். நமக்கு அழகாகத் தெரியும் அந்தப் புல் அவற்றின் சாப்பாட்டுத் தட்டு. தட்டின் நடுவில் போய்ப் படுப்பானேன்? லத்தி கிடக்கிறதா, மரப்பட்டை உரிந்திருக்கிறதா, புல்லில் அகலமான தடம் தண்ணீருக்கு இறங்குகிறதா என்று பாருங்கள். முகாமைச் சுற்றி அகழியோ சூரியமின் வேலியோ உண்டா, அந்த வேலியில் மின்சாரம் ஓடுகிறதா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். வாழைப்பழம், பலா, அரிசி எதையும் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது. 2021 ஜனவரியில் வயநாட்டில் மேப்பாடி அருகே ஒரு விடுதியின் கூடாரத்தில் தங்கிய பெண் ஒருவர் யானை தாக்கி இறந்தார். காசு வாங்கி நடத்தும் இடம் என்பதால் பாதுகாப்பு தானாக வந்துவிடாது.

சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவதும் தங்குவதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சொந்தக் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு கண்ட இடத்தில் இறங்கும் எண்ணம் வேண்டாம். கோடையில் தீ வேறு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் பலியானதை மறக்க முடியுமா? சிவமொக்கா, சிக்கமகளூர் காடுகளில் உண்ணி மூலம் பரவும் குரங்குக் காய்ச்சலும் உண்டு. 1957-இல் சிவமொக்கா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்ட நோய் அது. டிசம்பர் முதல் மே வரை அதன் காலம். சருகுமேல் உட்காராமல், முழுக்கை, முழுக்கால் சட்டை போட்டு, குளிக்கும்போது உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இத்தனையும் சொல்லிவிட்டு இடம் சொல்லாமல் விட்டால் அந்தத் தம்பி கோபித்துக்கொள்வார். என் கணக்கில் முதலிடம் பத்ரா நீர்த்தேக்கக் கரையில் லக்கவள்ளி. கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனத்தின் ரிவர் டெர்ன் லாட்ஜ் அங்கே இருக்கிறது. குடில்கள் மேட்டின்மேல் இருப்பதால் என் தண்ணீர்க் கணக்கில் தேறிவிடும். கோடையில் ஆலாப் பறவைகள் நீர் நடுவே உள்ள திட்டுகளில் ஆயிரக்கணக்கில் முட்டையிட வரும். சிவமொக்கா வண்டியில் தரீக்கெரெயில் இறங்கினால் சுமார் 20 கி.மீ. சாலை. முழங்கால் வலியுள்ளவர்கள் ஏற்ற இறக்கத்தை விசாரித்துக்கொள்ளவும். கட்டணம் நம் குடும்பங்களுக்கு இலேசானதல்ல என்பதையும் மறைக்கவில்லை.

கை கடிக்கும் என்றால் ஏற்காடு. சேலம் வரை ரயில், பிறகு மலை பஸ். ஏரி ஊர் நடுவில் இருக்கிறது, காட்டு யானைத் தொந்தரவு கிடையாது. தமிழ்நாடு சுற்றுலாக் கழகத்தின் விடுதி ஏரிப் பக்கமே உள்ளது. கூடாரம்தான் வேண்டும் என்று பேரப்பிள்ளைகள் அடம்பிடித்தால், விடுதிப் புல்தரையில் பகல் வேளையில் ஒன்றை அடித்துக் கொடுத்துவிட்டு இரவு கட்டிலில் படுக்க வைப்பேன்.

காலம் என்று பார்த்தால் தசரா விடுமுறைக்குப் பிந்திய நவம்பர், டிசம்பர் நல்லது. மழை நன்றாகப் பெய்த ஆண்டில் அணைகள் நிறைந்திருக்கும், தண்ணீர்க் கோட்டைத் தேட வேண்டியதில்லை, கண்ணெதிரே நிற்கும். ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. ஆகவே டிசம்பர் விடுமுறைக்குப் போகிறவர்கள் அக்டோபரிலேயே நாள் பார்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் குழாய் என் வீட்டில் இருக்கிறது. வேண்டியவர்கள் வந்து வாங்கிப் போகலாம், திருப்பிக் கொடுத்தால் சரி.