விட்ட இடம் எது?

100 தாள்கள் கொண்ட கட்டினை எண்ணும் காசாளரிடம் இடையே எவரேனும் பேச்சுக் கொடுத்தால், எண்ணியது 63-ஆ, 64-ஆ என்று அவர் யோசிப்பதில்லை. கட்டினைத் தட்டி அடுக்கி, ஒன்றிலிருந்து மீண்டும் தொடங்குவார். கவனம் சிதறுவது இயல்பே. விட்ட இடத்தை ஊகித்துத் தொடர்வதில்தான் ஆபத்து உள்ளது.

கைப்பேசியில் பணம் அனுப்புகையில் நாம் பெரும்பாலும் அந்த ஊகத்தையே நம்புகிறோம். கணக்கு எண்ணின் பாதியில் ஓர் அழைப்பு வருகிறது. பேசி முடித்தபின், நின்றதாகத் தோன்றும் இலக்கத்திலிருந்து தொடர்கிறோம். ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டின் 11 இடங்களில் ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். ஆகவே அதில் ஒரு பிடிமானமாவது உண்டு. கணக்கு எண்ணில் அதுவும் இல்லை. நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். முறைகளில் பணம் சேர்வதோ அந்த எண்ணைக் கொண்டுதான். பெறுபவரின் பெயரை முன்கூட்டியே காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-ஆம் தேதிக்குள் அளிக்குமாறு ரிசர்வ் வங்கி வங்கிகளைப் பணித்தது. நல்ல ஏற்பாடு, எனினும் பாதி மனத்தோடு படிப்பவருக்குப் பெயரும் எண்ணைப் போலவே கண்ணில் நழுவும்.

அழைப்பு குறுக்கிட்டால் இட்ட எண்ணை முழுவதும் அழித்துவிட்டு, பெறுபவர் தந்த பாஸ்புக் நகலைப் பார்த்து முதல் இலக்கத்திலிருந்து தொடங்குவோம். எண்ணை இரண்டாம் முறை கேட்கும்போதும் நகலைப் பார்த்தே இடுவோம். அரை நிமிடம் கூடுதலாகலாம். வீட்டில் நமக்குப் பின்னால் வரிசையா நிற்கிறது?