தாத்தாவின் கார் எண் என்ன?

இங்கிலாந்தில் முன்னோரைத் தேடுபவர்கள் எல்லோரும் ஓரிடத்தில் வந்து முட்டிக்கொள்வார்கள். 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, நூறாண்டு ரகசியம் காத்து 2022-இல் வெளியாகிவிட்டது. அடுத்ததான 1931 கணக்கெடுப்பின் தாள்களோ 1942 டிசம்பரில் தீயில் எரிந்துபோயின. 1941-இல் போர், கணக்கெடுப்பே நடக்கவில்லை. இடையில் மிஞ்சுவது, அடையாள அட்டை வழங்க 1939 செப்டம்பரில் எடுத்த பதிவேடு மட்டும். 18 ஆண்டுகள் காலி. முன்னோர் வீட்டில் ஒரு மோட்டார் சைக்கிளாவது இருந்திருந்தால், அதன் எண்ணிலிருந்து துப்பு கிடைக்க வழியுண்டு.

வண்டிகளுக்கு எண் கொடுத்தது சந்ததியினருக்கு உதவ அல்ல, புழுதி கிளப்பிவிட்டு ஓடுபவரைப் பிடிக்க. 1903-ஆம் ஆண்டு மோட்டார் கார் சட்டம் வேக வரம்பை மணிக்கு 20 மைலாக உயர்த்தியது. கூடவே 1904 ஜனவரி 1 முதல் எண் இல்லாத வண்டி தெருவுக்கு வரக்கூடாது என்றது. பதிவுக் கட்டணம் காருக்கு ஒரு பவுண்டு, மோட்டார் சைக்கிளுக்கு ஐந்து ஷில்லிங். பதிவு ஏட்டை வைத்துக்கொள்ளும் வேலை அந்தந்த மாவட்ட, நகர மன்றங்களுடையது.

எழுத்துகளை 1901 மக்கள்தொகையைப் பார்த்துப் பங்கிட்டார்கள். பெரிய ஊர் லண்டனுக்கு 'ஏ', அடுத்து லங்காஷயருக்கு 'பி'. லண்டனின் 'ஏ 1' தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் அண்ணன் ரஸ்ஸல் பிரபுவுக்குப் போனது. டார்செட்டுக்கு வாய்த்ததோ 'பிஎஃப்'. ஆங்கிலத்தில் அது 'அடிமுட்டாள்' என்ற வசவின் சுருக்கமும்கூட. வண்டிக்காரர்கள் நெளிந்தார்கள், ஓராண்டுக்குள் 'எஃப்எக்ஸ்' என்று மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. டார்செட் குடும்பப் படம் ஒன்றில் 'பிஎஃப்' தெரிந்தால், அந்த எண் கொடுத்த காலத்தை ஏடு பார்க்காமலே சொல்லிவிடலாம்.

தேடும் முறையும் இதுதான். பழைய படத்தில் எண் பலகையை உருப்பெருக்கிப் படித்தால், எழுத்து மாவட்டத்தைக் காட்டும். எண் ஏட்டின் பக்கத்தைக் காட்டும். அங்கே உரிமையாளர் பெயர், முகவரி, வண்டியின் வகை, நிறம், எடை, சொந்த உபயோகமா வியாபாரமா, பதிந்த நாள், நீக்கிய நாள். கடைசி இரண்டும்தான் எனக்குப் பிடித்தவை. படம் எடுத்த காலத்தை அவை இரு பக்கமும் நெருக்கிவிடும். "தாத்தா பெரிய பணக்காரர்" என்ற வீட்டுக் கதையும் சில சமயம் இங்கேதான் உடையும்: ஏட்டில் இருப்பது ரொட்டி விநியோக வேன்.

எச்சரிக்கையும் வேண்டும். காருக்குப் பக்கத்தில் நிற்பவர் எல்லாம் காருக்குச் சொந்தக்காரர் அல்ல. அடுத்தவர் காரில் கை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளும் ஆசை எல்லா ஊருக்கும் பொது. ஏட்டில் வேறு பெயர் வந்தால் ஏமாற்றமடைய வேண்டாம். அது மாமனாராகவோ முதலாளியாகவோ இருக்கலாம்.

1921 முதல் ஒவ்வொரு வண்டிக்கும் 'லாக் புக்' வந்தது. கை மாறிய ஒவ்வொருவரின் பெயரும் முகவரியும் அதில் வரிசையாக ஏறும். வரி கட்டியதற்கு முத்திரை விழும். 1942 ஜூலையில் சொந்தக் கார்களுக்கான சாதாரண பெட்ரோல் பங்கீட்டை அரசு நிறுத்தியது. அதன்பின் போர் முடியும்வரை முத்திரை இல்லாத லாக் புக் கிடைத்தால், கார் கொட்டகையில் முடங்கிக் கிடந்தது என்று ஊகிக்கலாம்.

1974-இல் பதிவு வேலை வேல்ஸின் ஸ்வான்ஸீ நகருக்குப் போய்க் கணினிமயமானது. பழைய வண்டிகளின் எண்ணைக் கணினியில் ஏற்ற 1983 நவம்பர் கடைசிக் கெடு. வேலை முடிந்ததென்று பல மன்றங்கள் ஏடுகளைக் குப்பையில் போட்டன. மிச்சத்தைக் காப்பாற்றியதில் பழைய கார் பிரியர்களின் பங்கு பெரிது. வைக்கோல் கொட்டகையில் கிடந்த காருக்கு அதன் பழைய எண்ணைத் திரும்பப் பெற, ஏட்டுச் சான்று அவர்களுக்குத் தேவைப்பட்டது. இன்று மிஞ்சிய ஏடுகளில் பல மாவட்ட ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன.