விழுக்காடு பிறந்த கதை

தேர்வு முடிவுகள் வெளிவரும் நாள்களில் நம் இல்லங்களில் முதலில் எழும் வினா, "எத்தனை விழுக்காடு?" என்பதே. விடை கேட்டுப் பூரிக்கும் பெற்றோர் உண்டு; பிள்ளையின் மேல் சீறி விழும் பெற்றோரும் உண்டு. அந்த விழுக்காடு எவ்வாறு பிறந்தது என்று கேட்போரோ மிகச் சிலர்.

40 மதிப்பெண்ணுக்கு நடந்த ஒரு தேர்வில் மாணவி ஒருத்தி 28 பெற்றாள் எனக் கொள்வோம். 28-ஐ 40-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 70 விழுக்காடு. இஃது யாவரும் அறிந்த வழி. மற்றொரு வழியும் உண்டு. அத்தேர்வில் தேர்ச்சிக்குரிய 16 மதிப்பெண்ணை 35 விழுக்காடாகவும், முழு மதிப்பெண்ணாகிய 40-ஐ 100 விழுக்காடாகவும் ஆசிரியர் வரையறுக்கிறார். 16-க்கும் 40-க்கும் இடைத்தொலைவு 24. மாணவி 16-ஐத் தாண்டி 12 மதிப்பெண், அதாவது சரிபாதி வழி, வந்துள்ளாள். ஆகவே 35-க்கும் 100-க்கும் இடைப்பட்ட 65-இல் பாதியாகிய 32.5-ஐ 35-உடன் கூட்ட, 67.5 விழுக்காடு கிடைக்கிறது. இதனையே கணித நூலார் நேரியல் இடைச்செருகல் என்பர்.

ஜெர்மனியில் உயர்கல்வி நாடும் நம் இளைஞரின் மதிப்பெண்களை அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவும் இம்முறையிலேயே மாற்றுகின்றன. திருத்திய பவேரிய வாய்பாடு என்பது அதன் பெயர். முழு மதிப்பெண் 1.0 ஆகும், தேர்ச்சி எல்லை 4.0 ஆகும். அங்கே எண் குறையக் குறையத் தரம் உயரும். 100-க்கு 80 பெற்றவருக்குத் தேர்ச்சி எல்லை 50 எனில் 2.2, எல்லை 40 எனில் 2.0. உழைப்பு ஒன்றே, எல்லைக்கல் நகர்ந்ததால் எண் மாறிற்று.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். ஒவ்வொரு மதிப்பெண்ணும் சம எடை உடையது என்றே இக்கணக்கு கொள்கிறது. தடுமாறும் பிள்ளை 15-இலிருந்து 16-க்கு ஏறப் பட்ட பாட்டை அது அறியாது, வீட்டார் அறிவர்.

மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரத்தில் ஐந்து தாலந்து பெற்றவன் மேலும் ஐந்து ஈட்டினான். இரண்டு பெற்றவன் மேலும் இரண்டு ஈட்டினான். தலைவர் இருவரையும் ஒரே சொற்களால் பாராட்டினார். ஈட்டிய தொகையை மட்டும் அவர் நோக்கவில்லை. பெற்றதையும் சேர்த்தே நோக்கினார்.

பெற்றோரே, பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன் மூன்று கேளுங்கள்: முழு மதிப்பெண் எவ்வளவு? தேர்ச்சி எல்லை எது? சென்ற முறை பிள்ளை எங்கே நின்றது? மூன்றாம் வினாவின் விடையில் முன்னேற்றம் ஒரு மதிப்பெண்ணே ஆயினும், அன்று இரவு உணவின்போது அதைச் சொல்லிப் பாராட்டுங்கள்.