ஆமையைப் போலத் தலையை உள்ளிழுக்கும் பென்சில்

அரைமணி நேரமாக ஒரு படம் வரைந்துகொண்டிருக்கிறீர்கள். கை பட்டு, மெக்கானிக்கல் பென்சில் மேசையிலிருந்து உருண்டு தரையில் விழுகிறது. எடுத்துப் பார்த்தால் உடலில் ஒரு கீறலும் இல்லை. ஆனால் முனையிலுள்ள மெல்லிய குழாய் வளைந்துவிட்டது! இனி அழுத்தினால் குச்சி சிக்கிக்கொள்ளும். வெளியே வந்தாலும் ஒடியும். நல்ல பென்சில் ஒன்று நொடியில் பாழாகிவிட்டது.

இவ்வளவு சிறிய வீழ்ச்சி ஏன் இப்படிச் செய்கிறது? கணக்கிட்டுப் பார்ப்போம். பென்சிலின் எடை 20 கிராம், மேசையின் உயரம் 75 செ.மீ. என்று கொள்வோம். விழும்போது பெற்ற ஆற்றல் முழுவதும், குழாய் 1 மி.மீ. நசுங்குவதற்குள் செலவாக வேண்டும். விழுந்த தூரம் 750 மி.மீ.; நின்ற தூரம் 1 மி.மீ. ஆகவே குழாய் தாங்கும் சராசரி விசை, பென்சிலின் எடையைப் போல் சுமார் 750 மடங்கு. அதாவது 15 கிலோ எடைக்குச் சமம்!

குழாய் எதற்கு?

அப்படியானால் குழாயே இல்லாமல் செய்தால் என்ன என்று கேட்பீர்கள். 1960-ஆம் ஆண்டில் ஜப்பானின் பென்டெல் நிறுவனம், கிராபைட்டுடன் பிசினைச் சேர்த்துச் சுட்டு, மெல்லிய ஆனால் உறுதியான குச்சியை உருவாக்கியது. பின்னர் 0.5 மி.மீ. குச்சி பரவலாயிற்று. இதைச் சீவ வேண்டியதில்லை. கோட்டின் தடிமனும் அதிகம் மாறாது. ஆனால் பக்கவாட்டில் தாங்கிப் பிடிக்க ஒரு குழாய் வேண்டும். வரைபடப் பென்சிலில் இக்குழாய் சுமார் 4 மி.மீ. நீளம் இருக்கும். அளவுகோலின் விளிம்பை ஒட்டி நேராகச் செல்லவும், வரையும் புள்ளி கண்ணுக்கு மறையாமல் இருக்கவும் இந்த நீளம் தேவை. சட்டைப் பையைக் குத்திக் கிழிப்பதும் இதே குழாய்தான்.

மூன்று வழிகள்

வேலை முடிந்ததும் குழாயை உள்ளே இழுத்துக்கொண்டால் தொல்லை தீரும். இதற்கு மூன்று பென்சில்கள் மூன்று வழிகளைக் கையாளுகின்றன.

ஜெர்மனியில் தோன்றிய ரோட்ரிங் நிறுவனத்தின் 800 என்ற பென்சில் அறுகோண வடிவப் பித்தளை உடல் கொண்டது. மேல்புறமுள்ள சொரசொரப்பான வளையத்தைத் திருகினால் முனை மெல்ல வெளியே வரும். திருகாணியின் தத்துவந்தான் இது.

பென்டெலின் கிராப்கியர் 1000 வேறு விதம். தலைப்பொத்தானை அழுத்தினால் முனை வெளியே வந்து பூட்டிக்கொள்ளும். கிளிப்பின் மேற்பகுதியை அழுத்தினால் பூட்டு விடுபட்டு, சுருள்வில்லின் விசையால் 'டக்' என்று உள்ளே போய்விடும். பையில் செருகக் கிளிப்பைத் திறக்கும்போதே முனையும் ஒளிந்துகொள்கிறது. மறதிக்காரர்களுக்கு ஏற்றது!

மிட்சுபிஷி பென்சில் நிறுவனத்தின் யூனி ஷிப்டில், பின்பகுதியை முன்னே தள்ளிச் சற்றுத் திருப்ப வேண்டும். கதவின் தாழ்ப்பாளைத் தள்ளித் திருப்புவது போன்றது இது.

கொடுக்க வேண்டிய விலை

ஆனால் இந்தப் பாதுகாப்பு இலவசமாகக் கிடைப்பதில்லை. ஒரு துளைக்குள் ஒரு பொருள் நகர வேண்டுமானால், இரண்டுக்கும் இடையே நூலளவாவது இடைவெளி வேண்டும். இதைப் பட்டறைகளில் 'ஆட்டம்' என்பார்கள். நகரும் பகுதி துளைக்குள் 10 மி.மீ. நீளமும், வெளியே 20 மி.மீ. நீளமும் இருப்பதாகக் கொள்ளுங்கள். துளையின் வாய் நெம்புகோலின் தாங்கிபோல் ஆகிறது. உள்ளே இருக்கும் ஆட்டம் முனையில் இரு மடங்காகத் தெரியும்!

எனவேதான் ரோட்ரிங் 600 என்ற பென்சிலில் முனை நகராமல் உடலோடு திருகப்பட்டுள்ளது. உடல் அதே அறுகோணப் பித்தளைதான். மேசையிலேயே இருந்து துல்லியமாக வரைபவருக்கு அது உறுதியான பிடிப்பைத் தரும். ஆனால் பையில் போட்டால் ஆபத்து. 800-இல் நிலைமை நேர்மாறு. எது சிறந்தது என்பதைவிட, உங்கள் பென்சில் எங்கே வாழப்போகிறது என்பதே சரியான கேள்வி.

நீங்களே சோதியுங்கள்

கடையில் பென்சில் வாங்கும்போது வெறுமனே கிறுக்கிப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். முனையை வெளியே நீட்டி, காகிதத்தில் ஒரு புள்ளியில் ஊன்றுங்கள். உடலை மட்டும் இடமும் வலமுமாக லேசாக அசையுங்கள். முனை 'கிளிக் கிளிக்' என்று தட்டுப்படுகிறதா? பிறகு அளவுகோலை வைத்து ஒரு கோடு வரைந்து, அதன் மேலேயே எதிர்த் திசையில் மீண்டும் வரையுங்கள். கோடு தடித்தால் ஆட்டம் அதிகம். ஒரே கோடாக நின்றால், அதைச் செய்தவர்கள் ஆமைக்கு உறுதியான கழுத்தைக் கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள்.